இருபத்தேழாவது வரி

சென்னை விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி எதற்காக வந்திருக்கிறேன் என்று கேட்டார். சுற்றுலா என்றேன். எந்த ஊருக்கு என்றார். குமாரபாளையம் என்றதும் கடவுச்சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தார். "அங்க பார்க்க என்னம்மா இருக்கு?"

"ஒரு மெஷின் இருக்கு" என்றேன்.

பாதிதான் உண்மை. ஒரு பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வந்திருந்தேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் கணினி படிப்பிக்கிறேன். ஓய்வு நேரத்தில் செய்வது வேறொரு வேலை. பார்வையற்றோர் தொட்டு வாசிக்கும் பிரெயில் புள்ளிகளைத் தாளில் குத்தித் தரும் அச்சுப்பொறிகள் உண்டு. அவற்றுள் பழைய ஒரு வகையைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளை நான் பராமரிக்கிறேன். அது கட்டற்ற மென்பொருள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் திருத்தலாம். எனக்கு முன் அதைப் பார்த்துக்கொண்டவர் விலகிவிட்டார். நான் கையேற்றேன்.

முன்பெல்லாம் ஒவ்வொரு அச்சுப்பொறிக்கும் கணினிக்குள் ஒரு விவரக் கோப்பு இருக்கும். தாள் எவ்வளவு நீளம், ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இப்போது அந்த முறை வழக்கொழிகிறது. புதிய வலையமைப்புத் தரப்படி அச்சுப்பொறியே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும்: நான் இன்ன பொறி, என் தாள் இவ்வளவு, என் ஓரம் இவ்வளவு. பழைய பொறிகளுக்கு அந்தப் பேச்சு தெரியாது. அவற்றுக்காகப் பேச ஒரு சிறிய நிரல் எழுத வேண்டும். எழுதினேன். பல மாதம் உழைத்தேன். அந்தப் பொறியை ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை.

ஓரம் எவ்வளவு என்ற இடத்தில், மை அச்சுப்பொறிகளுக்குப் போடுகிற வழமையான அளவைப் போட்டேன். ஒரு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட. பிரெயில் வரி ஒன்றின் உயரம் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர். ஒவ்வொரு பக்கத்திலும் இருபத்தேழு வரிகள் வரவேண்டிய இடத்தில் இருபத்தாறு வந்தன. கோப்பு முன்கூட்டியே பக்கம் பக்கமாகப் பிரிந்து வருவதால், கடைசி வரி அடுத்த பக்கத்துக்கும் போகாமல் சத்தமில்லாமல் விழுந்துபோனது.

வெளிநாட்டுப் பயனர் ஒருவர் எழுதித்தான் அதைக் கண்டுபிடித்தேன். முதலில் எனக்கு ஆறுதலாகவே இருந்தது. ஓர் எண்ணை மாற்றினால் போதும். மாற்றினேன். பிறகுதான் குமாரபாளையத்தில் பிரெயில் அச்சகம் நடத்தும் பூபதி ஒருமுறை நன்றிக் கடிதம் எழுதியது நினைவுக்கு வந்தது. பிழையைச் சொல்லி அவருக்கு எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. "அம்மா, எங்களுக்குத் தட்டச்சு செய்து தந்த பெண் வரிகளை விட்டுவிடுகிறாள் என்று நினைத்துவிட்டோம். அவள் இப்போது எங்களுக்கு வேலை செய்வதில்லை."

வருகிறேன் என்று மட்டும் பதில் எழுதினேன். கல்லூரி விடுமுறைக்காகக் காத்திருந்து புறப்பட்டேன்.

முதல் நாள் காலை சேலம் சந்திப்பில் இறங்கினேன். வெளியே ரயில்வே ஊழியர்கள் சாப்பிடும் சின்னக் கடையில் இட்லி கேட்டேன். நான்கு விதச் சட்னியோடு இலையில் வைத்தார்கள். எங்கள் ஊரில் சம்பல் ஒன்றே போதும் என்று இருந்துவிடுவோம். "சம்பல் இல்லையோ?" என்று வாய்தவறிக் கேட்டேன். கடைக்காரர், "சாம்பார் ஊத்தியிருக்குதுங்களே" என்றார். கேரளாவா என்று விசாரித்தார். யாழ்ப்பாணம் என்றேன். கேட்காமலே இன்னொரு இட்லி வைத்தார்.

குமாரபாளையத்துக்குள் பேருந்து நுழைவதற்கு முன்பே தறிச் சத்தம் வந்துவிட்டது. தெருவின் இரு பக்கமும் விசைத்தறிக் கூடங்கள். யாரும் யாரிடமும் மெதுவாகப் பேச முடியாது. பூபதியின் அச்சகம் அப்படியொரு கூடத்துக்கு மாடியில் இருந்தது. படிக்கட்டில் என் செருப்புச் சத்தம் அவருக்கு எப்படிக் கேட்டதோ, வாசலில் வந்து நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி.

"வாங்க சாமி, வாங்க. கடல் தாண்டி வந்திருக்கறீங்க. மொதல்ல தண்ணி குடிங்க."

சாமி என்று என்னை யாரும் அழைத்ததில்லை. அதுவும் நான் வந்த காரியத்துக்கு.

பொறி ஜன்னலோரம் இருந்தது. நான் நினைத்திருந்ததைவிடச் சிறியது. தையல் இயந்திரம் அளவு. மேலே தூசிக்குப் போட்டிருந்த பூத்துணியை எடுத்துவிட்டு, "தொட்டுப் பாருங்க" என்றார் பூபதி. தொட்டேன். மாதக்கணக்கில் இதற்காக எழுதியிருக்கிறேன். இதன் தாள் எந்தப் பக்கத்தால் உள்ளே போகும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

திருத்திய நிரலை அவருடைய கணினியில் ஏற்றினேன். பொறி தடதடவென்று குத்தத் தொடங்கியது. முதல் பக்கம் வந்ததும் அவர் விரல் மேலிருந்து கீழே இறங்கியது. உதடு எண்ணியது. "இருபத்தேழு" என்றார்.

அந்த நேரம் மின்சாரம் நின்றது. கீழே தறிகளும் நின்றன. தெரு முழுவதும் ஒரே கணத்தில் அமைதியாகிவிட, எங்கோ ஒரு குழந்தை அழுவது கேட்டது. பூபதியின் மனைவி சரோஜா உள்ளேயிருந்து வந்து, கரண்ட் வர ஒரு மணி நேரமாகும், சாப்பிட்டுவிடலாம் என்றார்.

சந்தகை என்று தட்டில் வைத்ததைப் பார்த்தேன். எங்கள் இடியப்பத்தின் தங்கைபோல இருந்தது. ஆனால் சொதியில்லை, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றிக் கொடுத்தார்கள். இடியப்பத்தை இனிப்பாகச் சாப்பிட எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. பக்கத்து அறையில் சரோஜா மருமகளோடு வேறு மொழியில் பேசினார். வீட்டுக்குள் கன்னடம்தான், நெசவுக் குடும்பங்கள் பலவற்றில் அப்படி என்றார் பூபதி. அவர்கள் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தது. என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

அவர் தயங்கினார். "ஒரு வரிக்காகவா இத்தனை தூரம் வந்தாங்கன்னு கேக்கறா. அந்த வரியில என்னதான் எழுதியிருந்துச்சாம்னும் கேக்கறா."

அதை நான் பார்த்திருந்தேன். போட்டித் தேர்வுக்கான கேள்வி பதில் தொகுப்பு அது. முதல் பக்கத்தில் நான்கு கூற்றுகள். அவற்றின் கீழே, பக்கத்தின் கடைசி வரி: "மேலுள்ளவற்றுள் இரண்டாவது மட்டும் தவறு." அந்த வரிதான் அச்சாகவில்லை. வாசித்தவர்களுக்கு நான்குமே சரி.

சொன்னேன். சரோஜா அறையிலிருந்து வந்தார். இன்னும் கொஞ்சம் சந்தகை வைத்துவிட்டுப் போனார்.

மின்சாரம் வந்தபின் முழுத் தொகுப்பையும் அச்சிட்டோம். பத்தாவது பக்கத்தில் பூபதியின் விரல் நின்றது. "ஏனுங்க, கடைசி வரி தாளோட மடிப்புல விழுதுங்க. கீழ்ப் புள்ளி பதியல."

 தாளை எடுத்து அளந்தேன். உள்ளூரில் வெட்டித் தரும் தொடர்தாள். என் நிரல் சொன்ன நீளத்தைவிட ஒரு மில்லிமீற்றர் குறைவு. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு மில்லிமீற்றராக நழுவி, பத்தாவது பக்கத்தில் மடிப்புக்கு வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்தே திருத்தி அனுப்பிவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தால் இன்னொரு வருடம் இதே கதைதான். உண்மையான நீளத்தை எழுதி மறுபடி அச்சிட்டேன். எழுபதாவது பக்கம் வரை அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கடைசித் தாளை மடித்து அடுக்கின் மேல் வைத்தார்.

பிறகு தானாகவே பேசினார். "அந்த ஷமீமா புள்ள மூணு தடவை சொன்னா. 'நான் விடலீங்கய்யா, அடிச்சேங்கய்யா'ன்னு. அவ அனுப்புன ஃபைலைக் கம்ப்யூட்டர்ல போட்டா அதே படிச்சுக் காட்டும். ஒரு தடவை கேட்டுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். கேக்கலைங்க. மிசின் ஏமாத்தாது, மனுசந்தான் விடுவான்னு நெனச்சுப்போட்டேன்."

"மெஷினும் ஏமாத்தேல்லை ஐயா. நான்தான் அதுக்குப் பிழையாச் சொல்லிக் குடுத்தனான்."

"நாளன்னைக்கு அந்தப் புள்ள ஊட்டுக்குப் போறீங்கள்ல? நானும் வாரேன்" என்றார்.

இரண்டாம் நாள் புதுச்சத்திரம். கௌசல்யா என்ற பெண் அந்தத் தொகுப்பை வைத்துத்தான் அரசுத் தேர்வுக்குப் படித்தாள், தேறவில்லை என்று பூபதி சொல்லியிருந்தார். புதிதாக அச்சிட்ட தாள்கட்டைத் துணிப்பையில் தூக்கிக்கொண்டு நாமக்கல்லில் ஒரு பேருந்தில் ஏறினேன். பிரெயில் தாள் கனமானது. எழுபது பக்கம் ஒரு கிலோவுக்கு வரும்.

நடத்துனர் நான் போகும் ஊரின் பெயரைக் கேட்டதும் உச்சுக் கொட்டினார். "இது பைபாஸ் ரைடருங்க. புதுச்சத்திரம் நிக்காது. ஏறறப்பவே கேக்கோணுமில்லீங்க?" ஆனாலும் ஓட்டுனரிடம் போய் ஏதோ சொல்லி, மேம்பாலம் முடியும் இடத்தில் இறக்கிவிட்டார். "அக்கட்டால மண்ரோடு தெரியுதுங்களா, அதுல போனா ஊருங்க." நெடுஞ்சாலையோரம் வெயிலில் நடந்தேன். லொறிகள் போகும்போது பையோடு நானும் ஆடினேன். முட்டைத் தட்டுகள் அடுக்கிய வண்டியொன்று மெதுவாகி, ஓட்டுனர் எங்கே போகவேண்டும் என்று கேட்டார். கௌசல்யாவின் அப்பா பெயரைச் சொன்னதும், அவர் வீட்டுப் பக்கத்துக் கோழிப்பண்ணைக்குத்தான் போகிறேன், ஏறுங்கள் என்றார். எங்கள் ஊரில் வழி கேட்டால் கை காட்டுவார்கள். இங்கே ஏற்றிக்கொள்கிறார்கள்.

கோழிப்பண்ணைக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு. கௌசல்யாவுக்கு இருபத்து நான்கு வயது. நான் வருவது அவளுக்குத் தெரியும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா அவித்த முட்டையும் தேநீரும் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார்.

என்ன நடந்தது என்று சொன்னேன். பிழை என்னுடையது என்றேன்.

"பிழைன்னா தப்புங்களா?"

"ஓம். தப்பு."

"செரிங்க" என்றாள். "வாக்கியம் பாதியில நிக்கும். அடுத்த பக்கம் போனா வேற எதோ இருக்கும். எனக்குத்தான் புரியல, நானுதான் மக்குன்னு நெனச்சுட்டே படிச்சேனுங்க. ஒவ்வொரு பக்கத்துக்கும் அப்படி நெனச்சேன்."

துணிப்பையை மடியிலிருந்து இறக்கினேன்.

"பரிச்சையில கொஞ்ச மார்க்குல போச்சு. அது உங்க வரியால போச்சா, இல்ல நான் படிக்காததால போச்சா? உங்களுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாதுங்க."

"தெரியாதுதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு கேக்க..."

"வேண்டாமுங்க" என்றாள். குரல் உயரவில்லை. "இப்ப மன்னிச்சேன்னு சொன்னா அது பொய்யி. நீங்க இவ்வளவு தூரம் வந்தீங்கங்கறதுக்காகப் பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்லீங்க."

அவள் அம்மா, "கண்ணு, பெரியவங்ககிட்ட அப்படிப் பேசாத" என்றார். நான் வேண்டாம், அவள் பேசட்டும் என்று கை காட்டினேன். கைகாட்டல் அவளுக்குத் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது. வாயால் சொன்னேன். "அவ சொல்றது சரி அம்மா."

தாள்கட்டை மேசையில் வைத்தேன். அவள் தொடவில்லை. நான் எழும்பியபோதுதான் கேட்டாள். "ஷமீமாக்கா ஊட்டுக்குப் போனீங்களா?"

"நாளைக்குப் போறன்."

"பரிச்சை முடிஞ்சப்புறந்தான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. அந்தக்கா வரி விடுறாங்கன்னு பூபதி சார்கிட்ட மொதல்ல சொன்னது நானுங்க." இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள். "நான் தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லுங்க. என் பேரைச் சொல்லியே சொல்லுங்க."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். பழைய தொகுப்பை எங்கிருந்தோ எடுத்து வந்திருந்தாள். பழைய பக்கமும் புதிய பக்கமும் பக்கத்தில் பக்கத்தில். இடது கை ஒன்றின் அடியில், வலது கை மற்றதன் அடியில். ஒரு பக்கம் முடிந்ததும் இரண்டையும் சேர்த்துத் திருப்பினாள். நான் இன்னும் நிற்பது அவளுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. மண்பாதையில் இறங்கி நடந்தேன்.

மூன்றாம் நாள் சேலம் பேருந்து நிலையத்தில் பூபதிக்காகக் காத்திருந்தேன். குமாரபாளையத்திலிருந்து தனியாகவே வந்து இறங்கினார், கையில் வெள்ளைக் கோல். என்னைக் கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போய்ச் சூரமங்கலம் நகரப் பேருந்தில் ஏற்றியதும் அவர்தான். எந்தப் பேருந்து எங்கே நிற்கும் என்று கேட்டு அறிந்து வைத்திருந்தார்.  இறங்குவதற்குச் சற்று முன் சட்டையின் கழுத்துப் பொத்தானை மாட்டிக்கொண்டார். 

ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் ஒரு தெருவில், மாடி வீடு. ஷமீமா கதவைத் திறந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், தலையில் முக்காடு, தடித்த கண்ணாடி. பூபதியைப் பார்த்ததும் முகம் மாறியது. ஆனால் வாசலிலேயே நிறுத்தவில்லை.

"வாங்கய்யா. வாங்கக்கா. உள்ள வந்து உக்காருங்க."

தட்டுவடையும் தேநீரும் வந்தன. இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட்டும் காரச் சட்னியும்.  தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். ஓரத்தின் அளவைப் பற்றி, இருபத்தேழாவது வரியைப் பற்றி, நான் அந்தப் பொறியைப் பார்க்காமலே எழுதியதைப் பற்றி. கௌசல்யா சொல்லச் சொன்னதையும் சொன்னேன். "நீங்கள் ஒரு வரியும் விடேல்லை" என்று முடித்தேன்.

பூபதி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். கைகூப்பினார். அவர் கும்பிட்ட திசையில் ஷமீமா இல்லை. சமையலறைப் பக்கம் போயிருந்தார். "ஐயா, நான் இங்க இருக்கேன்" என்றார் அங்கிருந்து. அவர் திரும்பி மறுபடி கும்பிட்டார். "தப்புப் பண்ணிட்டேன் சாமி. உன்ற வார்த்தைய நான் நம்பியிருக்கோணும்."

ஷமீமா சமையலறையிலிருந்து வந்தார். அலமாரியைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். அந்தத் தேர்வுத் தொகுப்பின் மூல அச்சுப் புத்தகம்தான். திறந்தேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறு கோடு. அடுத்த பக்கத்திலும். அதற்கடுத்த பக்கத்திலும். சில பக்கங்களில் இரண்டு கோடுகள், சிலவற்றில் மூன்று.

"வரி விடுறேன்னு ஐயா முதல் தடவை சொன்னப்ப, ஒரு வரி அடிச்சா ஒரு கோடு போட ஆரம்பிச்சேன். மறுபடியும் விடுதுன்னாங்க. மறுபடியும் சரிபார்த்து ரெண்டாவது கோடு போட்டேன். அப்புறமும் விடுதுன்னாங்க." புத்தகத்தைப் பார்க்காமல் பேசினார். "நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவக்கா. ஒரு எழுத்து விட்டா எனக்கே தூக்கம் வராது. கண்ணு சரியில்லன்னு கண்ணாடி போட்டாங்க. வீட்டுல பால் கணக்கு எழுதுறப்பகூட ரெண்டு தடவை பார்ப்பேன், விட்டுட்டேனோ விட்டுட்டேனோன்னு. எனக்கு மூளையில என்னமோன்னு என் மாமியார் சொன்னாங்க. இருக்கும்னுதான் நானும் நெனச்சேன்."

"என்னங்க அது? என்ன காட்டுது அந்தப் புள்ள?" என்று பூபதி கேட்டார்.

"ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலயும் பென்சில் கோடு ஐயா. எல்லா வரிக்கும்."

கை நீட்டினார். புத்தகத்தை அவர் கையில் வைத்தேன். விரல் பக்கத்தின் ஓரத்தில் மேலிருந்து கீழே போனது. மறுபடி மேலே வந்து, இன்னும் மெதுவாகப் போனது. பென்சில் கோடு விரலுக்குத் தெரியாது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தோன்றியது.

ஷமீமாவுக்குப் பிரெயில் தெரியாது, பூபதிக்குத் திரை தெரியாது. கண்ணால் அடித்ததை விரலுக்குக் கொண்டு சேர்க்க நடுவில் இருந்தது என்னுடைய நிரல் ஒன்றுதான். இரண்டு பேரும் அதை நம்பினார்கள். ஒருவரையொருவர் நம்பவில்லை. அப்படி ஆக்கியது நான்.

பூபதி கொண்டுவந்திருந்த புதிய பக்கம் ஒன்றையும் பழைய பக்கம் ஒன்றையும் ஷமீமாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு விரல் நுனியால் வரிகளை எண்ணினார். பழக்கமில்லாத விரல், இரண்டு முறை தவறி, மறுபடி தொடங்கினார். "இருபத்தாறு." புதியதை எடுத்தார். "இருபத்தேழு." பிறகு அந்தக் கடைசி வரியின் மேலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

"இதுல என்ன எழுதியிருக்குங்கய்யா?"

பூபதி எட்டி வாசித்தார். ஏதோ ஒரு நதியின் நீளம். ஷமீமா புத்தகத்தில் அந்த இடத்தைத் தேடி எடுத்தார். பக்கத்தில் மூன்று கோடுகள் இருந்தன.

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"அக்கா, எனக்கு ஒண்ணு செய்யணும் நீங்க."

"சொல்லுங்கோ."

"இப்ப எங்கிட்ட சொன்னீங்கள்ல, இதை என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லணும். நான் சொன்னா, சரி சரின்னு கேட்டுட்டு விட்டுருவாங்க. நீங்க சொல்லுங்க."

பூபதி மறுபடி தட்டச்சுக்கு வருவீர்களா என்று கேட்க வாயெடுத்தார். நான் அவர் கையைத் தொட்டு நிறுத்தினேன். அதை இன்றைக்குக் கேட்கக் கூடாது.

மூவரும் இறங்கி நடந்தோம். ரயில் நிலையம் போகும் சாலையில், பைகளும் பெட்டிகளும் விற்கும் கடை. ஷமீமாவின் கணவர் அன்வர் ஒரு வாடிக்கையாளருக்குப் பெட்டியின் பூட்டைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். மனைவியோடு இரண்டு அந்நியரைக் கண்டதும் எழுந்தார்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. இவங்க பேசணுமாம். கேளுங்க" என்றார் ஷமீமா.

வாடிக்கையாளர் நிற்கும்போதே சொன்னேன். வீட்டில் சொன்னதைவிடச் சுருக்கமாக. ஓரம், அளவு எல்லாம் விட்டுவிட்டேன். அன்வர் கேட்டார். கையிலிருந்த சாவியை மேசையில் வைத்தார். "அப்ப கண்ணு டாக்டர்கிட்ட போனது?" என்று மனைவியிடம் கேட்டார்.  "நானும்தான சொன்னேன், கவனமாப் பண்ணுன்னு" என்றார், யாரிடமென்று இல்லாமல். வாடிக்கையாளர் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, பிறகு வருகிறேன் என்று போய்விட்டார்.

"அத்தைக்கு ஃபோன் போடுங்க" என்றார் ஷமீமா.

"இப்பவா?"

"இப்பத்தான்."

அன்வர் போட்டார். மறுமுனையில் அவர் அம்மாவின் வயதான குரல். ஷமீமா கைப்பேசியை வாங்கி என்னிடம் நீட்டினார். "அவங்களுக்குக் காது கொஞ்சம் கேக்காது. சத்தமாச் சொல்லுங்கக்கா."

எதிரே நகரப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலி எழுப்பிக்கொண்டு போயின. பூபதி கோலை ஊன்றித் தலையைக் குனிந்து நின்றார். கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு என்னை அறிமுகப்படுத்தினேன். இலங்கையிலிருந்து வந்திருக்கிறேன் என்றேன். யாரு, எந்த ஊரு என்று அந்த அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். விளக்கம் எதுவும் அந்தக் காதுக்குள் போகப்போவதில்லை என்று புரிந்தது.

"அம்மா, உங்கட மருமகளில பிழை இல்லை" என்றேன்.

"என்னாது?"

பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நடைபாதையில் போன இரண்டு பேர் நின்றார்கள். ஷமீமா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், ஒரு சொல்லும் விடுபடாமல் கேட்க வேண்டும் என்பதுபோல.

நான் அந்த ஊர்க்காரர்கள் பேசுவதுபோல், என்னால் முடிந்த அளவு உரத்த குரலில் சொன்னேன்.

"ஷமீமா தப்பு பண்ணல. தப்பு பண்ணது நான்."